நெல்லிக்குப்பம் சாராயமும் கெண்டக்கி விஸ்கியும்

ஒரு சிறிய கண்ணாடிக் கிண்ணம். அதன் அடியில் ஓர் அவுன்சு அளவுக்குப் பழுப்பு நிறத் திரவம் இருக்கிறது.

அதை ஒருவர் கையில் எடுக்கிறார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். சாய்த்துப் பார்க்கிறார். பிறகு மூக்கின் அருகே கொண்டுபோய் மெல்ல முகர்கிறார். கிண்ணத்தைக் கீழே வைக்கிறார். மறுபடியும் எடுத்து முகர்கிறார்.

10 நிமிடம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு சொட்டுக்கூட வாய்க்குள் போகவில்லை!

கிண்ணத்தில் இருப்பது மருந்து அல்ல. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஒரு முறை மட்டும், மிகக் குறைந்த அளவில் விற்பனைக்கு வரும் "போர்பன்" விஸ்கி அது. அதை வாங்குவதற்குச் சீட்டுக் குலுக்கல் நடக்கிறது. அதற்காகத் திருட்டும் நடந்திருக்கிறது.

அப்படி அதில் என்னதான் இருக்கிறது? நம் ஊர்ச் சாராயத்தில் இல்லாத எது அதில் இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்குக் கடலூரில் இருந்து புறப்படுவதே பொருத்தம். பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்குச் சாராயம் புதிது அல்ல. சாராயத்தால் பட்ட துயரமும் அதற்குப் புதிது அல்ல.

கடலூரில் துயிலும் வெள்ளைக்காரர்

கடலூர் பழைய நகரில் கிறைஸ்ட் சர்ச் என்ற கிறிஸ்தவ ஆலயம் இருக்கிறது. அங்கே ஒரு வியாபாரி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் பெயர் தாமஸ் பாரி.

சென்னையில் பாரிமுனை என்று ஓர் இடம் இருக்கிறது அல்லவா? அந்தப் "பாரி" இவர்தான். 1788-ம் ஆண்டில் சென்னையில் வியாபாரம் தொடங்கினார். 1824-ல் சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டைக்குப் போயிருந்தபோது காலரா கண்டு இறந்தார். கடலூரில் புதைத்தார்கள்.

பாரி இறந்த பிறகும் அவருடைய கம்பெனி வளர்ந்தது. கடலூரில் இருந்து பண்ருட்டி போகும் சாலையில் நெல்லிக்குப்பம் இருக்கிறது. 1842-ல் அங்கே தங்கள் சர்க்கரைத் தொழில் தொடங்கியதாகக் கம்பெனியின் வரலாறு கூறுகிறது.

கரும்பைப் பிழிந்து சர்க்கரை எடுத்த பிறகு கறுப்பு நிறத்தில் ஒரு பாகு மிஞ்சும். அதற்குக் கழிவுப் பாகு என்று பெயர். அதை வீணாக்குவார்களா? தண்ணீர் விட்டுக் கரைத்துப் புளிக்க வைத்தார்கள். புளித்ததைக் காய்ச்சி வடித்தார்கள். சாராயம் கிடைத்தது.

19-ம் நூற்றாண்டின் இறுதியில் அந்த நிறுவனத்துக்கு இடப்பட்ட பெயரே இதைச் சொல்லும். "ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்டு சுகர் பாக்டரீஸ்" என்பது அந்தப் பெயர். சாராயம் முன்னால் நிற்கிறது. சர்க்கரை அதற்குப் பின்னால்தான் வருகிறது!

இந்தச் சாராயம் நிறமற்றது. தண்ணீர்போல இருக்கும். வடித்ததைப் பல ஆண்டுகள் மரப் பீப்பாயில் வைத்துப் பக்குவப்படுத்தும் பேச்சே கிடையாது. வடித்தார்கள், கடைக்கு அனுப்பினார்கள், குடித்தார்கள். அவ்வளவுதான்.

பட்டைச் சாராயம்

மரத்துக்கும் நம் ஊர்ச் சாராயத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பட்டைச் சாராயம் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இது வெறும் கேலிப் பெயர் அல்ல. வெள்வேல மரத்தின் பட்டையை உரித்து ஊறலில் போடுவார்கள். அந்தப் பட்டையில் துவர்ப்புச் சத்து மிகுதி. ஊறலில் கலந்திருக்கும் புரதப் பொருள்களை அது திரளச் செய்து அடியில் படிய வைக்கும். ஊறல் தெளியும். கருப்பஞ்சாறு, பனஞ்சாறு ஆகியவற்றில் இருந்து சாராயம் காய்ச்சியவர்கள் இதைப் பழக்கத்தில் அறிந்திருந்தார்கள்.

வெள்வேல மரத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. அதற்குச் "சாராயம் காய்ச்சுகிறவரின் வேலமரம்" என்பது பொருள்.

ஆக, நம் ஊரில் காய்ச்சுவதற்கு முன்னால் மரம் உதவிக்கு வந்தது. அமெரிக்காவிலோ, காய்ச்சிய பிறகுதான் மரத்தின் வேலையே ஆரம்பமாகிறது. இரண்டு சாராயங்களுக்கும் உள்ள பெரிய வேற்றுமை இதுதான்.

போர்பன் என்றால் என்ன?

அமெரிக்காவில் கெண்டக்கி என்று ஒரு மாநிலம் இருக்கிறது. போர்பன் விஸ்கியின் தாயகம் அது. அங்கே தண்ணீர் சுண்ணாம்புப் பாறைகளின் ஊடே வருகிறது. அதில் இரும்புச் சத்து குறைவு. இரும்பு கலந்தால் விஸ்கி கறுத்துப் போகும், ருசியும் கெடும்.

எதை வேண்டுமானாலும் காய்ச்சிப் போர்பன் என்று பெயர் வைத்துவிட முடியாது. சட்டம் இருக்கிறது.

ஊறலில் போடும் தானியத்தில் 100-க்கு 51 பங்காவது மக்காச்சோளம் இருக்க வேண்டும். மீதிக்கு ரை என்ற தானியமோ, கோதுமையோ, முளைவிட்ட வாற்கோதுமையோ சேர்ப்பார்கள். வடித்து எடுக்கும்போது சாராயச் சத்து 100-க்கு 80 பங்குக்கு மேல் போகக்கூடாது. அதற்கு மேல் போனால் தானியத்தின் வாசனை அடியோடு போய்விடும்.

வடித்ததைப் புத்தம் புதிய ஓக் மரப் பீப்பாயில் ஊற்ற வேண்டும். ஒரு முறை பயன்படுத்திய பீப்பாய் கூடாது. பீப்பாயின் உட்புறத்தை நெருப்புக் காட்டிக் கருக்கியிருக்க வேண்டும். வேறு சாயமோ, வாசனைப் பொருளோ ஒரு துளிகூடச் சேர்க்கக் கூடாது.

1964-ம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. போர்பன் அமெரிக்காவுக்கே உரிய பொருள் என்று அது அறிவித்தது.

பீப்பாய்க்குள் நடக்கும் வேலை

பீப்பாயில் ஊற்றும்போது அந்தச் சாராயமும் நிறமற்றதுதான். பார்வைக்கு நெல்லிக்குப்பம் சாராயத்துக்கும் அதற்கும் வேற்றுமை கிடையாது. பின்னே, பழுப்பு நிறம் எங்கிருந்து வந்தது?

மரத்தில் இருந்து வந்தது.

ஒரு பீப்பாய் ஏறக்குறைய 200 லிட்டர் கொள்ளும். அவற்றைப் பல மாடிக் கிடங்குகளில் வரிசையாக அடுக்கி வைப்பார்கள். கோடையில் வெப்பம் ஏறும்போது சாராயம் விரிந்து பலகைக்குள் புகும். குளிர் காலத்தில் சுருங்கி வெளியே வரும். வரும்போது மரத்தில் உள்ள பொருள்களையும் கூட்டிக்கொண்டு வரும்.

நெருப்புப் பட்ட ஓக் மரத்தில் பல பொருள்கள் உருவாகின்றன. ஒன்று வெனிலின். ஐஸ்கிரீமில் வீசும் வெனிலா மணம் இதுதான். மரத்தில் இருக்கும் சர்க்கரைப் பொருள்கள் வெந்து, காய்ச்சிய வெல்லப்பாகின் மணத்தைத் தருகின்றன. இன்னொரு பொருள் தேங்காய் வாசனை உடையது. துவர்ப்புச் சத்தும் உண்டு. உள்ளே கரியாக இருக்கும் பகுதி, கெட்ட நாற்றத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

பழ வாசனை எப்படி வருகிறது? அது ஊறல் புளிக்கும்போதே பிறந்துவிடுகிறது. வாழைப்பழ மணம் தரும் ஒரு பொருளை ஈஸ்டு உண்டாக்குகிறது. பண்ருட்டிப் பலாச்சுளையை அறுத்ததும் வீடு முழுவதும் மணக்கிறதே, அந்த மணத்திலும் இதே பொருளுக்குப் பங்கு உண்டு.

தேவதைகள் குடித்தது போக...

பீப்பாயை மூடித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் திறந்து பார்த்தால் அளவு குறைந்திருக்கும். யார் குடித்தது?

"தேவதைகள் குடித்துவிட்டன" என்று அந்த ஊர்த் தொழிலாளர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். உண்மையில் மரத்தின் நுண்ணிய துளைகள் வழியாக ஆவியாகிப் போய்விடுகிறது. கெண்டக்கியில் ஆண்டுக்கு 100-க்கு 3 முதல் 5 பங்கு வரை இப்படிக் குறையும்.

ஆண்டுக்கு 4 பங்கு என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 200 லிட்டர் ஊற்றினால் 20 ஆண்டுகள் கழித்து 90 லிட்டர்கூடத் தேறாது. பாதிக்கு மேல் காற்றோடு போய்விடும்.

போன அளவை எந்தப் பணத்தாலும் திருப்ப முடியாது. "அடுத்த மாதம் இன்னும் 1,000 பாட்டில் அனுப்புங்கள்" என்றால் நடக்காது. 20 ஆண்டுகளுக்கு முன்பு எத்தனை பீப்பாய் நிரப்பினார்களோ, அதில் மிச்சம் இருப்பதுதான் சரக்கு. சில விஸ்கிகள் குறைந்த அளவில் வெளிவருவதற்கு முதல் காரணம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. பக்கத்துப் பக்கத்துப் பீப்பாய்களில்கூட ருசி மாறும். மேல் மாடியில் சூடு அதிகம். கீழ்த் தளத்தில் குறைவு. சாதாரணமாகப் பல பீப்பாய்களைக் கலந்து ருசியை ஒரே மாதிரி ஆக்குவார்கள். 1984-ல் "பிளாண்டன்ஸ்" என்ற போர்பன் வந்தது. ஒரே பீப்பாயில் இருந்து எடுத்ததை மட்டும் பாட்டிலில் அடைத்து விற்றார்கள். அது முதல் இந்த மோகம் வளர்ந்தது.

நம் நாட்டு வெயிலில் இப்படிச் செய்தால் என்ன ஆகும்? பெங்களூரில் அதற்கும் விடை கிடைத்திருக்கிறது.

பெங்களூரில் 1948-ல் தொடங்கப்பட்ட அம்ருத் நிறுவனம், வாற்கோதுமையில் விஸ்கி வடிக்கிறது. 2004-ல் அதை ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்துக்கே கொண்டுபோய் விற்பனை செய்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான்! ஆனால் ஊசி விலைபோனது. ஜிம் மரே என்ற ஆங்கிலேயர், விஸ்கிகளுக்கு மதிப்பெண் போட்டு ஆண்டுதோறும் புத்தகம் எழுதுகிறவர். 2010-ம் ஆண்டுப் புத்தகத்தில் அம்ருத் "பியூஷன்" விஸ்கியை உலகில் 3-வது சிறந்தது என்று எழுதினார்.

பெங்களூரில் ஆண்டுக்கு 10 முதல் 12 பங்கு ஆவியாகிப் போகிறது. தேவதைகளுக்கு நம் ஊரில் தாகம் அதிகம்! ஆனால் வெப்பத்தால் பக்குவமும் சீக்கிரம் வருகிறது. 2013-ல் 8 ஆண்டு முதிர்ந்த விஸ்கி ஒன்றை அம்ருத் வெளியிட்டது. மொத்தம் 144 பாட்டில்தான். "பேராசைத் தேவதைகள்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அம்ருத் பயன்படுத்தும் பீப்பாய்களில் பல, அமெரிக்காவில் போர்பன் வைத்திருந்த பழைய பீப்பாய்கள். போர்பனுக்குப் புதுப் பீப்பாய்தான் வேண்டும் என்று சட்டம் இருப்பதால், ஒரு முறை பயன்படுத்தியதை விற்றுவிடுகிறார்கள். அது கடல் கடந்து கர்நாடகத்துக்கு வந்து சேருகிறது.

ருசி பார்ப்பது எப்படி?

ருசி பார்ப்பவர்கள் அகன்ற தம்ளரைப் பயன்படுத்துவதில்லை. அடி பருத்து வாய் குறுகிய கிண்ணம் வேண்டும். மணம் சிதறாமல் மேலே திரளும்.

முதலில் நிறம் பார்ப்பார்கள். புதுப் பீப்பாயில் நீண்ட காலம் இருந்தது கருஞ்சிவப்பாக இருக்கும்.

அடுத்தது முகர்வது. மூக்கைக் கிண்ணத்துக்குள் நுழைத்தால் சாராய நெடி சுரீர் என்று ஏறும். வேறு எதுவும் தெரியாது. ஆகவே சற்றுத் தள்ளிப் பிடித்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு முகர்வார்கள். முதலில் வெல்லப்பாகு தெரியும். கொஞ்சம் பொறுத்தால் கொப்பரைத் தேங்காய், கிராம்பு, பழத்தோல், பதப்படுத்திய தோல், புகையிலை என்று ஒவ்வொன்றாக வரும்.

மூக்குக்கு ஏன் இவ்வளவு மரியாதை? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, ஏலக்காய் போட்ட பாயசத்தை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். இனிப்பு தெரியும். ஏலக்காய் தெரியாது. மூக்கை விட்டால் உடனே தெரியும். நாக்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும் பகுதி மூக்கின் வேலை.

பிறகு ஒரு சிறு மிடறு. உடனே விழுங்கமாட்டார்கள். மெல்லுவதுபோல வாய் முழுவதும் புரட்டுவார்கள். விழுங்கிய பிறகு ருசி எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கவனிப்பார்கள். நல்ல சரக்கு என்றால் காரம் அடங்கி, இனிப்பும் துவர்ப்பும் நெடுநேரம் நிற்குமாம்.

சில சொட்டுத் தண்ணீர் விட்டால் மணம் கூடுகிறது என்பதும் அவர்கள் அனுபவம். சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் 2017-ல் கணிப்பொறியில் ஆராய்ந்து இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். சாராயச் சத்து மிகுந்திருக்கும்போது, புகை மணம் தரும் ஒரு பொருள் திரவத்துக்குள் அமுங்கிக் கிடக்கிறது. தண்ணீர் சேர்ந்ததும் அது மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. அதனால் மூக்குக்கு எட்டுகிறது.

வேடிக்கை என்னவென்றால், இதையே தொழிலாகச் செய்யும் நிபுணர்கள் பெரும்பாலும் குடிப்பதே இல்லை. நிறையத் தண்ணீர் கலந்து முகர்வதோடு சரி. வாயில் ஊற்றினாலும் துப்பிவிடுவார்கள். ஒரு நாளில் பல பத்து மாதிரிகளைப் பார்க்க வேண்டியவர், அவ்வளவையும் குடித்தால் வேலை என்ன ஆவது?

குலுக்கலும் திருட்டும்

அமெரிக்காவிலும் பென்சில்வேனியா, வர்ஜீனியா போன்ற சில மாநிலங்களில் மது விற்பனை அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. நம் ஊரில் டாஸ்மாக் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். அரிய போர்பன் வரும்போது அங்கே சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். பெயர் விழுந்தவருக்கு ஒரு பாட்டில். அதற்கும் பணம் கொடுக்க வேண்டும்!

"பாப்பி வான் விங்கிள்" என்ற போர்பனுக்குத்தான் கிராக்கி அதிகம். 2013-ல் கெண்டக்கியில் உள்ள ஆலையில் இருந்து சுமார் 200 பாட்டில்கள் மாயமாக மறைந்தன. 2015-ல் ஆலை ஊழியர் ஒருவரே பிடிபட்டார்.

போலிகளும் உண்டு. காலிப் பாட்டிலை விலைக்கு வாங்கி, மலிவான விஸ்கியை நிரப்பி, மூடியை ஒட்டி விற்கிறார்கள். வாங்குகிறவர் கிண்ணத்தில் ஊற்றி, முகர்ந்து, "ஆகா!" என்கிறார். பெயரைப் படித்ததும் நாக்கும் மூக்கும் மயங்கிவிடுகின்றன.

அப்படியானால், அந்த உயர்ந்த விலையில் ஒரு பகுதி ருசிக்கு. இன்னொரு பகுதி நம்பிக்கைக்கு. "இதை இன்னார் வடித்தார், இந்த ஆண்டில் வடித்தார், இத்தனை ஆண்டு இந்த மரத்தில் இருந்தது" என்ற வாக்குறுதிக்குத்தான் விலை.

அந்த வாக்குறுதி தானாக வந்துவிடவில்லை.

1897-ல் வந்த சட்டம்

19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் விஸ்கி வியாபாரம் தறிகெட்டுக் கிடந்தது. பச்சைச் சாராயத்தில் புகையிலைச் சாறு, அயோடின் போன்ற கண்டதையும் கலந்து, நிறம் ஏற்றி, "பழைய விஸ்கி" என்று விற்றார்கள். குடித்தவர்கள் நோயில் விழுந்தார்கள்.

ஒழுங்காகத் தொழில் செய்தவர்களுக்கும் இதனால் நஷ்டம். எட்மண்ட் ஹேன்ஸ் டெய்லர் என்ற கெண்டக்கி ஆலை அதிபர் கிளர்ச்சி செய்தார். நிதி மந்திரி ஜான் கார்லைல் துணை நின்றார். 1897-ல் சட்டம் வந்தது.

அந்தச் சட்டப்படி முத்திரை பெறும் விஸ்கி, ஒரே ஆலையில் ஒரே பருவத்தில் வடித்ததாக இருக்க வேண்டும். சர்க்கார் காவலில் உள்ள கிடங்கில் குறைந்தது 4 ஆண்டு இருக்க வேண்டும். 100-க்கு 50 பங்கு சாராயச் சத்து இருக்க வேண்டும். ஆலையின் பெயர் சீட்டில் இருக்க வேண்டும். சர்க்கார் முத்திரைத் தாள் மூடியின் மேல் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

பிறகும் தகராறு ஓயவில்லை. எதை விஸ்கி என்று சொல்லலாம் என்ற வழக்கு ஜனாதிபதி வரைக்கும் போயிற்று. 1909-ல் ஜனாதிபதி டாஃப்ட் அதற்குத் தீர்ப்புக் கூறினார்.

1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு இருந்தது. அப்போது முத்திரை இல்லாத சாராயம் மறுபடியும் ஓடியது. தொழிற்சாலைக்கு உரிய விஷச் சாராயத்தைக் குடித்துப் பலர் இறந்தார்கள்; பலர் கண்ணை இழந்தார்கள்.

இந்த இடத்தில்தான் கெண்டக்கிக் கதை தென்னாற்காட்டுக் கதையோடு வந்து சேருகிறது.

பண்ருட்டியும் கள்ளக்குறிச்சியும்

சென்னை மாகாணத்தில் 1937-ல் ராஜாஜி ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குத் தொடங்கியது. 1948-ல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் தளர்த்தப்பட்டது. அதன் பிறகு சாராயக் கடைகள் மூடுவதும் திறப்பதுமாக மாறி மாறி நடந்தது. இன்று நாட்டுச் சாராயத்துக்கு அனுமதி இல்லை. சீமைச் சரக்கு என்ற பெயரில் பாட்டிலில் வருவதை 2003-ம் ஆண்டில் இருந்து டாஸ்மாக் கடைகள் மட்டுமே விற்கின்றன.

ஆனால் கூலிக்காரனின் கையில் இருக்கும் காசுக்கு அந்தப் பாட்டில் எட்டாத நாள் உண்டு. அவனைத் தேடிப் பொட்டலத்தில் அடைத்த சாராயம் வருகிறது.

2001-ம் ஆண்டின் இறுதியில் கடலூர் மாவட்டம் பண்ருட்டிப் பகுதியில் விஷச் சாராயம் குடித்து 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2023-ம் ஆண்டு மே மாதத்தில் மரக்காணம் பகுதியிலும், செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2024-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெண்களும் இறந்தார்கள். தகப்பனையும் தாயையும் ஒருசேரப் பறிகொடுத்துப் பிள்ளைகள் அநாதையாக நின்ற வீடும் அங்கே உண்டு.

பண்ருட்டி, மரக்காணம், கள்ளக்குறிச்சி மூன்றும் பழைய தென்னாற்காடு மாவட்டத்து ஊர்கள்.

அவர்களைக் கொன்றது மெத்தனால். இது வண்ணப்பூச்சுக்கும் ரசாயனத் தொழிலுக்கும் பயன்படும் பொருள். மலிவாகக் கிடைக்கும். கள்ளச் சாராயக்காரன் போதை ஏறுவதற்காக இதைக் கலக்கிறான். சில நேரம் இதையே தண்ணீர் கலந்து விற்றுவிடுகிறான்.

நாக்கு சொல்லாது

மெத்தனால் கலந்த சாராயத்தை முகர்ந்து பார்த்தால் தெரியாதா? ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தால் தெரியாதா?

தெரியாது.

அதுவும் நிறமற்றது. நல்ல சாராயத்துக்கும் அதற்கும் மணத்தில் பெரிய வேற்றுமை இல்லை. குடித்தால் ஏறக்குறைய அதே மாதிரிதான் இருக்கும். வெல்லப்பாகையும் கொப்பரைத் தேங்காயையும் பிரித்துச் சொல்லும் மூக்கு இங்கே கைவிட்டுவிடுகிறது. "நான் 30 வருஷமாகக் குடிக்கிறேன், எனக்குத் தெரியாதா?" என்று சொல்கிறவருக்கும் தெரியாது.

உடம்புக்குள் போன மெத்தனால் மெல்ல மெல்ல ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. அது கண் நரம்பைத் தாக்கும். 10 மில்லி லிட்டர் உள்ளே போனாலே பார்வை போகலாம். ஓர் அவுன்சு போனால் உயிரே போகலாம். கெண்டக்கி நிபுணர் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளும் அதே ஓர் அவுன்சுதான்.

இன்னொரு கொடுமை, இந்த விஷம் உடனே வெளியே தெரியாது. 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். குடித்தவர் வழக்கமான போதை என்று நினைத்துத் தூங்கிவிடுவார். விடிந்த பிறகு வயிற்று வலி, வாந்தி, மூச்சுத் திணறல் வரும். கண் முன்னால் பனி மூடியதுபோல இருக்கும். அப்போதும் போலீசுக்குப் பயந்து வீட்டிலேயே கிடப்பவர்கள் உண்டு. அந்தத் தாமதம்தான் பல உயிர்களைக் குடிக்கிறது.

நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைக்க வழி இருக்கிறது. மெத்தனால் அமிலமாக மாறுவதைத் தடுக்கும் மருந்துகள் உண்டு. இரத்தத்தைச் சுத்தம் செய்யும் கருவியும் உண்டு. என்ன குடித்தோம், எப்போது குடித்தோம் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒருவருக்கு இப்படி ஆனால், கூடக் குடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் எல்லோரும் உடனே போக வேண்டும்.

எழுதி வைத்த சாட்சி

நெல்லிக்குப்பத்துக்குச் சாலை இருக்கிறது. பண்ருட்டியில் பலா பழுக்கிறது. பழைய கடலூரில் பாரியின் கல்லறையும் இருக்கிறது. அதில் பெயரும் இறந்த காலமும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

பல்லாயிரம் ரூபாய் கொடுத்து அரிய போர்பன் வாங்குகிறவர், பாட்டிலைத் திருப்பிச் சீட்டைப் படிக்கிறார். ஆலையின் பெயர், பீப்பாயின் எண், முதிர்ந்த ஆண்டுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. அதனால்தான் 10 நிமிடம் நிதானமாக உட்கார்ந்து முகர்ந்துகொண்டிருக்க அவரால் முடிகிறது. பயம் இல்லாதவனுக்குத்தான் ருசி.

பொட்டலத்தைப் பல்லால் கடித்துத் திறக்கிறவர், எதைப் படிப்பார்? அதில் ஒன்றும் எழுதியிருக்காது.